தொலைவிலிருந்த கணினியும் வரிசையில் நின்ற பல்கலைக்கழகமும்

இந்தியாவில் இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1995 ஆகஸ்ட் 15 என்னும் நாளிலிருந்தே தொடங்குகின்றனர். விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கிய நாள் அது. சுதந்திர நாளோடு பொருந்தி வந்ததால் நினைவிலும் எளிதாகத் தங்கிவிட்டது. ஆனால் ஓரிடத்தில் அமர்ந்தபடி வேறோர் இடத்திலுள்ள கணினியிடம் வேலை வாங்கும் பழக்கம் இந்நாட்டில் அதற்கு முன்பே வேர்கொண்டிருந்தது. அந்த முன்வரலாற்றைத் தவிர்த்துவிடுவதால் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. தொலைக்கணினியை எட்டும் வாய்ப்பு யாருக்கு முதலில் கிடைத்தது, யார் வரிசையின் இறுதியில் நிறுத்தப்பட்டனர்? முதலில் வந்தவர்களைப் பற்றிய பதிவுகள் ஏராளம். இறுதியில் நின்றவை மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளும். நாட்டின் மாணவர்களில் மிகப் பெரும்பான்மையோர் படித்தது அங்கேதான்.

கணினிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலத்தில் தொலைவைக் கடந்தது கம்பி அன்று, மனிதர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 வந்தது. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1964-இல் சி.டி.சி. 3600 நிறுவப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 இயங்கத் தொடங்கியது. இவை ஒவ்வொன்றும் தான் இருந்த நிறுவனத்துக்கு மட்டுமின்றி ஒரு வட்டாரம் முழுவதற்கும் கணக்கிட்டுத் தரும் பொறுப்பைச் சுமந்தன. படிகவியலாளரும் புள்ளியியலாளரும் கட்டுமானப் பொறியாளரும் தத்தம் நிரல்களைத் துளையட்டைகளில் குத்தி, கட்டுகளாகக் கட்டி, அஞ்சலில் அனுப்பினர் அல்லது தாமே ரயிலேறிச் சென்றனர். ஒரு காற்புள்ளி தவறியிருந்தாலும் அச்சுத்தாளில் வருவது பிழைச்செய்தி மட்டுமே. திருத்திய அட்டையோடு மீண்டும் வரிசையில் நிற்கவேண்டும். வெளியூர்க்காரருக்கு அந்த ஒரு காற்புள்ளியின் விலை சில நாட்கள், சில வேளை சில வாரங்கள். அக்காலத்து முனைவர் பட்ட ஆய்வேடுகளில் கணக்கீடுகள் மிகச் சிக்கனமாக அமைந்திருப்பதற்கு ஆய்வாளரின் அறிவு நிதானம் மட்டுமே காரணம் என்று கொள்ளுவதற்கில்லை.

நேரப் பகிர்வு முறை வந்தபின் இந்நிலை மாறத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1970களில் பம்பாயில் அமைந்த தேசிய மையத்துக்கு டி.இ.சி.-10 என்னும் கணினி கிடைத்தது. ஒரே இயந்திரத்தின் நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் அமைப்பு அது. பயன்படுத்துவோர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு முனையம், அதாவது ஒரு விசைப்பலகையும் அச்சுத்தாள் அல்லது திரையும். முனையம் கணினி அறைக்கு அடுத்த அறையில் இருக்கலாம், கொள்கை அளவில் அடுத்த நகரத்திலும் இருக்கலாம். கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே நின்றது தொலைபேசிக் கம்பி.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும். கணினி வரலாற்றாசிரியர்கள் இயந்திரங்களின் பெயர்களையும் நினைவகத்தின் அளவையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். தொலைபேசி நிலையங்களைப் பற்றி எழுதியோர் குறைவு. தொலைக்கணினியின் வரலாறோ பெரிதும் தொலைபேசி நிலையத்தின் வரலாறுதான். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசுக்கே வைத்தது. கம்பி வழியே செல்லும் செய்தி மனிதக் குரலாயினும் கணினியின் குறியீடாயினும் அச்சட்டத்தின் எல்லைக்குள்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலனி அரசு தன் பாதுகாப்புக்கென இயற்றிய சட்டம் ஒரு நூற்றாண்டு கடந்தும் மோடத்தின் தலைமேல் நின்றது. இன்னொரு புறம் பற்றாக்குறை. 1991-இல் நாடு முழுவதும் இருந்த தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 50 லட்சம். நூறு பேருக்கு ஓர் இணைப்புகூட இல்லை. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இயல்பான நடைமுறையாகவே கருதப்பட்டது.

கிடைத்த இணைப்பும் கணினிக்கு உகந்ததாக இருந்ததில்லை. பல நகரங்களில் ஸ்ட்ரோஜர் வகை நிலையங்களும் கிராஸ்பார் வகை நிலையங்களும் இயங்கிவந்தன. இவற்றில் அழைப்பை இணைப்பவை மின்காந்தத்தால் நகரும் உலோகத் தொடுமுனைகள். தொடுமுனையில் தூசி படிந்தாலோ மழையில் நிலத்தடிக் கேபிளில் நீர் புகுந்தாலோ கம்பியில் இரைச்சல் எழும். பேசுகின்ற இருவர் ‘கேட்கிறதா’ என்று இருமுறை உரக்கக் கேட்டுச் சமாளித்துக்கொள்வர். மோடத்துக்கு அந்த வசதி இல்லை. அது கணினியின் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் குரலின் அலைவரிசைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள மோடம் அவ்வொலிகளை மீண்டும் எண்களாக்குகிறது. இடையில் ஒரு ‘கிளிக்’ ஓசை புகுந்தால் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகிவிடும், சில வேளை இணைப்பே அறுந்துவிடும்.

எர்நெட் என்று அழைக்கப்பட்ட கல்வி ஆய்வு வலையமைப்பு 1986-இல் தொடங்கியது இத்தகைய கம்பிகளின்மேல்தான். மத்திய அரசின் மின்னணுவியல் துறை முன்னெடுக்க, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் நிதியுதவி செய்தது. பங்கேற்ற நிறுவனங்கள் எட்டு: பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், மின்னணுவியல் துறை. பம்பாய் மையத்தின் தலைவராக இருந்து இத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளை வழிநடத்தியவர் சீனிவாசன் ரமணி. பிற்காலத்தில், 2014-இல், இணையப் புகழவையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

முதல் இணைப்பு பம்பாய் மையத்துக்கும் பம்பாய் ஐ.ஐ.டி.க்கும் இடையே, அதாவது ஒரே நகரத்துக்குள், சாதாரண டயல்-அப் தொலைபேசியின் வழியே 1986–87-இல் அமைந்தது. அதில் பயன்பட்டது யூ.யூ.சி.பி. என்னும் நெறிமுறை. ஒரு யூனிக்ஸ் கணினி இன்னொரு யூனிக்ஸ் கணினியைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளை ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும் முறை இது. தகவல் 64 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு எண் செல்லும். இரைச்சலால் ஒரு பொட்டலம் சிதைந்தால் அதை மட்டும் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அழைப்பே அறுந்தாலும் பாதகமில்லை. கோப்பு வரிசையில் காத்திருக்கும், கணினி சற்று நேரம் கழித்து மீண்டும் எண்ணைச் சுழற்றும். வளமான நாடுகளில் தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட இந்நெறிமுறை இந்தியத் தொலைபேசிக்கென்றே வகுக்கப்பட்டதுபோல் பொருந்தியது.

தொலைக்கணினியை எட்டுவதில் இருவகை உண்டு. ஒன்று, அங்கேயே சென்று அமர்ந்தாற்போல் ஒவ்வொரு விசையையும் அந்தக் கணினிக்கே அனுப்பி, விடையை உடனே திரையில் காண்பது. டெல்நெட் என்னும் முறை இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, கடிதம் எழுதி அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பது. யூ.யூ.சி.பி. இரண்டாம் வகை. அனுப்புபவர் தம் மடல் எந்தெந்தக் கணினிகள் வழியாகச் செல்லவேண்டும் என்பதைத் தாமே வரிசையாக, இடையிடையே ஆச்சரியக்குறி இட்டு எழுதவேண்டியிருந்தது. பம்பாய் மையத்தின் நுழைவாயில் கணினிக்குச் ‘சக்தி’ என்று பெயர். அக்காலத்து இந்திய முகவரிகள் பலவற்றின் நடுவில் இப்பெயர் ஊர்ப்பெயர்போல் அமர்ந்திருக்கும். பகலில் எழுதிய மடல் இரவில் நகரும், மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுமொழி வரும். வான்வழி அஞ்சலுக்கு இரண்டு மூன்று வாரம் பழகியிருந்தோருக்கு இதுவே வியப்பு.

கடிதவகை இணைப்பை வைத்துக்கொண்டு நேரடி இணைப்பின் பயன்களைப் பெறும் உத்திகள் உருவானதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கலிஃபோர்னியாவிலுள்ள தன் ஆய்வகத்தில் எஃப்.டி.பி.-மெயில் என்னும் சேவையை நடத்திவந்தது. அதற்கு ஒரு மின்மடல் அனுப்பவேண்டும். மடலின் உடலில் எந்தக் கணினியை அணுகவேண்டும், எந்த அடைவுக்குச் செல்லவேண்டும், எந்தக் கோப்பு வேண்டும் என்று வரிக்கு ஒரு கட்டளையாக எழுதவேண்டும். அங்குள்ள கணினி நம் சார்பில் அந்தத் தொலைக்கணினிக்குச் சென்று கோப்பை எடுத்து, எழுத்துகளாக மாற்றி, துண்டுகளாக வெட்டி, மடல்களாகத் திருப்பி அனுப்பும். மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்குவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெருத்துவிடும். பத்துத் துண்டுகளில் ஏழாவது வராமல் போனால் மற்ற ஒன்பதும் பயனற்றவை. ஆயினும் நிரல்களையும் நூலகத் தொகுப்புகளையும் இவ்வழியே தருவித்துக்கொள்ள இயன்றது. தொலைக்கணினியின் திரையை ஒருமுறைகூடக் கண்ணால் காணாமல் அதைக் கையாண்ட ஒரு தலைமுறை இது.

கோட்பாட்டு இயற்பியலில் நேர்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் முன்வரைவுக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். இன்று ஆர்க்கைவ் என்று அறியப்படுவது அதுவே. தொடக்கத்தில் அது வலைத்தளம் அன்று, மின்மடலுக்கு விடை சொல்லும் ஒரு தானியங்கி. பொருள்வரியில் ‘கெட்’ என்றும் கட்டுரையின் எண்ணையும் எழுதி அனுப்பினால் கட்டுரையின் டெக் மூலம் மடலாக வந்து சேரும். அதற்கு முன் நடைமுறை வேறு. அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் முன்வரைவுகளை அச்சிட்டுத் தம் பட்டியலில் உள்ளோருக்கு அஞ்சலில் அனுப்பின. பட்டியலில் இல்லாத நிறுவனத்தார் ஆய்விதழில் வெளியாகும்வரை காத்திருந்தனர். அதற்குள் அத்துறை வேறு திசைக்கு நகர்ந்திருக்கும். மின்மடல் மட்டுமே இருந்த ஓர் இந்திய ஆய்வாளருக்கும் பிரின்ஸ்டனில் இருந்தவருக்கும் ஒரே நாளில் ஒரே கட்டுரை கிடைக்கத் தொடங்கியது 1991-க்குப் பிறகுதான். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் பிற்காலத்தில் இக்காப்பகத்தின் இந்தியப் பிரதித்தளத்தை நடத்தியது தற்செயல் அன்று. அந்நிறுவனத்தின் இயற்பியலாளரும் கணிதவியலாளரும் அதைச் சார்ந்தே தம் அன்றாடப் பணியை அமைத்துக்கொண்டிருந்தனர். அக்காப்பகத்தின் எளிய வடிவமைப்பு, படங்களைத் தவிர்த்து எழுத்தை மட்டுமே நம்பிய வடிவமைப்பு, மெலிந்த கம்பிகளைக் கொண்ட நாடுகளுக்கு எத்துணை உதவியது என்பது இன்னும் உரியவாறு மதிப்பிடப்படவில்லை.

நேரடி இணைப்பின் காலம் குத்தகைத் தடங்களோடு வந்தது. யாரையும் அழைக்கவேண்டாத, இரவுபகலாகத் திறந்தே கிடக்கும் கம்பி அது. டெல்லிக்கும் பம்பாய்க்கும் இடையே நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் முதல் தடம் 1991 சனவரியில் அமைந்தது. 1992-க்குள் எட்டு நிறுவனங்களும் அதே வேகத்தில் பிணைக்கப்பட்டன. அவ்வாண்டே பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள யூயூநெட் நிறுவனத்துக்கு 64 கிலோபிட் தடம் இயங்கத் தொடங்கியது. நாட்டின் கல்விசார் இணையப் போக்குவரத்து முழுவதற்கும் அதுவே வெளிவாசல்.

இவ்வெண்களின் பொருளை இன்றைய மாணவர் உணரச் சிறு கணக்கு ஒன்று உதவும். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட முனையத் திரையில் 1,920 எழுத்துகள் அடங்கும். 9.6 கிலோபிட் தடம் முழுவதும் ஒருவருக்கே கிடைத்தால் திரை நிரம்ப இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். வரைபடங்களோடு கூடிய 500 கிலோபைட் கட்டுரை ஒன்று இறங்க ஏறத்தாழ ஏழு நிமிடம். ஆனால் தடம் ஒருவருடையதன்று, வளாகம் முழுவதற்கும் பொது. கட்டுரை ஒருவருக்கு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் டெல்நெட்டில் அமர்ந்த மற்றொருவரின் திரை உறைந்துபோகும். நள்ளிரவுக்குப் பின் கணினி மையத்துக்கு வரும் வழக்கம் ஐ.ஐ.டி. வளாகங்களில் பரவியதற்கு இளமையின் இயல்பு ஒரு காரணமென்றால் இந்த நெரிசல் இன்னொரு காரணம்.

செயற்கைக்கோள் வழி இணைந்தோரின் அனுபவம் வேறுவிதம். எர்நெட் 1993-இல் வி-சாட் வலையை அமைத்தது. அதன் மைய நிலையம் பெங்களூரில் இருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறி இறங்க மட்டும் கால் நொடி. டெல்நெட்டில் ஒருவர் தட்டும் எழுத்து அவருடைய திரையில் நேராகத் தோன்றுவதில்லை. தொலைக்கணினிக்குச் சென்று அங்கிருந்து எதிரொலித்துத் திரும்பியபின்பே தோன்றும். ஆக ஒரு விசைக்கு அரை நொடி. இரு கிளை நிலையங்கள் தமக்குள் பேசவேண்டுமானால் மைய நிலையத்தைச் சுற்றிவரவேண்டும் என்பதால் ஏறக்குறைய ஒரு நொடி. சொல்லைத் தட்டி முடித்துக் கையை எடுத்தபின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நிற்பதைக் காணலாம். பிழை நேர்ந்தால் அழிப்பு விசையை எத்தனை முறை தட்டினோம் என்பதை மனத்துள் எண்ணிக்கொள்ளவேண்டும். இத்தகைய இணைப்பில் வேலை செய்தோர் கட்டளையை முதலில் தாளில் எழுதிப் பார்ப்பது உண்டு. துளையட்டைக் காலத்தின் நிதானம் இன்னொரு வடிவில் திரும்பிவந்தது எனலாம்.

இதே ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேறு இரண்டு வலைகள் விரிந்துகொண்டிருந்தன. தேசியத் தகவலியல் மையம் 1980களின் இறுதியில் நிக்நெட் என்னும் செயற்கைக்கோள் வலையை அமைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களைத் தலைநகரத்தோடு இணைத்தது. 1990களின் தொடக்கத்துக்குள் நாட்டின் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் அதன் சிறு தட்டு நிலையங்கள் நின்றன. அங்கிருந்து சென்றவை திட்டச் செலவுக் கணக்குகள், புள்ளிவிவரங்கள், தேர்தல் முடிவுகள். அதே ஊரில் நூற்றாண்டு கண்ட கல்லூரி இருந்திருக்கலாம், அதன் கணிதத்துறைக்குக் கணினி வலையென்பது செய்தித்தாளில் படித்த ஒன்று மட்டுமே.

மற்றொன்று ரயில்வே. 1985-இன் இறுதியில் டெல்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்களும் சேர்ந்தன. அறிஞர்கள் எழுதும் கணினி வரலாற்றில் இதற்கு ஓர் அடிக்குறிப்பே கிடைக்கிறது. ஆனால் இந்நாட்டின் சாதாரண மனிதர் தொலைக்கணினி ஒன்றோடு கொண்ட முதல் உறவு ரயில் முன்பதிவுச் சாளரத்தில்தான் நிகழ்ந்தது. அவர் விசைப்பலகையைத் தொடவில்லை. படிவத்தை நிரப்பி உள்ளே நீட்டினார், எழுத்தர் முனையத்தில் தட்டினார், நகரின் வேறொரு மூலையில் இருந்த கணினி இருக்கை உண்டா என்று விடை சொன்னது. வேறு ஊரிலிருந்து புறப்படும் வண்டிக்கு இடம் வேண்டுமானால் தந்தியடித்துக் காத்திருந்த நிலை படிப்படியாக மறைந்தது. ரயில்வே தகவல் அமைப்பு மையம் உருவாக்கிய கான்சர்ட் மென்பொருளின் துணையோடு ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. சென்னைச் சாளரத்தில் நின்றவர் எந்த மையத்தின் வண்டிக்கும் உடனே சீட்டு வாங்க முடிந்தது. பொதுமக்களுக்கென ஒரு வலையை அமைக்கும் திறன் நாட்டுக்கு இல்லை என்ற வாதத்தை இது ஒன்றே தகர்த்துவிடுகிறது. திறன் இருந்தது, எதற்கு முதலிடம் என்ற முடிவு வேறாக இருந்தது.

எட்டு நிறுவனங்களை மட்டும் முதலில் தெரிந்தெடுத்ததைக் குறை சொல்லுதல் எளிது. பழுதானால் சரிசெய்யும் ஆள், யூனிக்ஸ் அறிந்த மாணவர், கணினி வாங்கும் நிதி ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்த இடங்கள் அன்று அவையே. முன்னோடித் திட்டம் அங்கே தொடங்கியது சரியே. பின்னர் புனேயில் ஐயூகா, கல்கத்தாவில் மாறுஆற்றல் சைக்ளோட்ரான் மையம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் என்று புதிய நுழைமையங்கள் சேர்ந்தன. இவையும் பெரும்பாலும் மத்திய நிதி பெறும் ஆய்வு நிறுவனங்களே என்பதைக் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் நோக்கோடு பல்கலைக்கழக மானியக்குழு 1991-இல் இன்ஃப்ளிப்நெட் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அதன் முதற்பணி நூற்பட்டியல்களைக் கணினிமயமாக்குதல். கம்பி பின்னரே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தம் ஆய்வுக்குரிய கோப்பைப் பெற, இணைப்புள்ள நிறுவனத்தில் நண்பரையோ முன்னாள் மாணவரையோ தேடினார். நண்பரின் கணக்குக்கு மடல் வரும், அவர் அச்சிட்டு அஞ்சலில் அனுப்புவார் அல்லது நெகிழ்வட்டில் பதிந்து கொடுப்பார். கடைசிச் சில நூறு கிலோமீட்டர்களை மீண்டும் ரயிலே கடந்தது.

1995-இல் பொதுச்சேவை வந்தபோது அது முதலில் நான்கு பெருநகரங்களுக்கே கிடைத்தது. தனியாள் டயல்-அப் கணக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். தொலைபேசிக் கட்டணம் தனி. பெருநகரத்துக்கு வெளியே இருப்போர் எஸ்.டி.டி. அழைப்பில்தான் இணையவேண்டும். மதுரையிலோ தஞ்சையிலோ இருந்த ஒருவர் சென்னையின் மோடத்தை அழைத்தால் அஞ்சலட்டை விலையில் மின்மடல் என்ற பேச்சு பொருளற்றுப்போகும். தொடக்க வாரங்களில் அழைப்புகள் கிடைக்காமலும் கிடைத்தவை அறுந்தும் போனதால் எழுந்த கண்டனம் அந்நிறுவனத்தையே உலுக்கியது. ஆயினும் மாணவர்களுக்கென மிகக் குறைந்த கட்டணத்தில், சில நூறு ரூபாயில், எழுத்துவடிவக் கணக்கு ஒன்றையும் அது வழங்கியது. அதுவே ஷெல் கணக்கு.

ஷெல் கணக்கில் மாணவரின் வீட்டுக் கணினி இணையத்தில் இருப்பதில்லை. அது வெறும் முனையம். இணையத்தில் இருப்பது சேவை நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினி. சென்னையில் அதன் பெயர் ‘கியாஸ்எம்டி01’ என்று தொடங்கும். மோடம் அக்கணினியை அழைக்கும், கடவுச்சொல் கேட்கப்படும், பின்னர் மடலுக்குப் பைன், வலைக்கு லிங்க்ஸ், கோப்புக்கு எஃப்.டி.பி. எல்லாம் எழுத்துதான், படம் இல்லை. விலையுயர்ந்த கணக்குக்கும் மலிவான கணக்குக்கும் இருந்த வேறுபாடு வேகத்தில் அன்று, யாருடைய கணினி இணையத்தில் முகவரி பெறுகிறது என்பதில். இவ்வேலியைத் தாண்டும் வழியும் விரைவில் வந்தது. ஸ்லர்ப் போன்ற நிரலை ஷெல் கணக்குக்குள் இயக்கினால் அது வீட்டுக் கணினிக்கும் இணையத்துக்கும் இடையே தரகு செய்யும், உலாவியில் படங்களும் தெரியும். உலகெங்கும் மாணவரிடையே பரவிய இவ்வுத்தி இந்தியாவிலும் கைமாறியது. யூனிக்ஸ் கட்டளைகளைப் பாடநூலில் அன்றித் தேவையால் கற்ற இளைஞர்கள் இவ்வழியே உருவாயினர். படிப்பின் ஒரு பகுதியாக அதைக் கற்பிக்கவேண்டிய கல்லூரிகளில் அப்போது மோடம் இல்லை.

கணினி ஆர்வலர்கள் தம் வீட்டுத் தொலைபேசியில் நடத்திவந்த அறிவிப்புப்பலகைச் சேவைகளின் கதையும் இங்கே சேரும். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி எண், அழைப்போருக்குக் கோப்பும் உரையாடலும் இலவசம். இவற்றிடமிருந்து ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் கேட்டது தொலைத்தொடர்புத் துறை. வருவாயே இல்லாத ஒன்றுக்கு உரிமம் கேட்பது விந்தை. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அது விந்தை அன்று.

திறந்த கம்பியின் மறுபக்கமும் வெகுவிரைவில் தெரிந்தது. டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை எளிதாக எடுத்துக்கொள்ளலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டதைத் தொடர்ந்து தாத்து யுலோனன் 1995-இல் எஸ்.எஸ்.ஹெச். நெறிமுறையை எழுதினார். பொக்ரான் சோதனை நடந்த அடுத்த மாதம், 1998 சூனில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் வெளிநாட்டு இளைஞர் குழு ஒன்று நுழைந்தது. பல நாடுகளின் கணினிகளைப் படிக்கட்டுகளாகப் பயன்படுத்தி ஏறிவந்தவர்கள் பதின்பருவத்தினர். தொலைக்கணினியை எட்டும் வழி இருதிசையிலும் நடக்கக்கூடியது என்ற பாடம் இந்திய ஆய்வு நிறுவனங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எரிச்சாலைச் சுவர்களும் வெளியிணைப்புக் கட்டுப்பாடுகளும் அதன்பின் இறுகின.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு வாசல் திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தவற்றுள் ஒன்று. ஊர்தோறும் உலாவு மையங்கள் எழுந்தன. மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் தம் துறையில் கிடைக்காத இணைப்பை மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அங்கே வாங்கினார். முனைவர் பட்டத்துக்கான நூல்தேடலில் பெரும்பகுதி பல்கலைக்கழக நூலகத்தில் நடக்காமல் பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள உலாவு மையத்தில் நடந்தது என்பதை அக்காலத்து ஆய்வேடுகளின் நன்றியுரைகள் சொல்லுவதில்லை.

மானியக்குழு, எர்நெட், இன்ஃப்ளிப்நெட் ஆகிய மூன்றும் சேர்ந்த யுஜிசி-இன்ஃபோநெட் 2002-இன் இறுதியில் தொடங்கப்பட்டது. முதல் எட்டு நிறுவனங்கள் இணையத் தொடங்கி அதற்குள் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவும் பல்கலைக்கழக வளாகத்தின் வாசலில் நின்றது. இணைவுபெற்ற கல்லூரிகளின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் மின்னிதழ்களைத் திறந்துவிட்ட என்-லிஸ்ட் திட்டம் 2010-இல் வந்தது. கல்லூரி பதிவு செய்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரப்படும். அவற்றை இட்டதும் இன்ஃப்ளிப்நெட்டின் இடைநிலைக் கணினி அவர் சார்பில் பதிப்பகத்தின் கணினியிடம் சென்று கட்டுரையை வாங்கித் தரும். எஃப்.டி.பி.-மெயில் செய்துவந்த அதே தரகுப் பணி, இம்முறை உடனுக்குடன். பம்பாயில் ‘சக்தி’ வழியே முதல் மடல்கள் சென்ற நாட்களில் பிறந்த குழந்தை அதற்குள் முதுகலை முடித்திருக்கும்.